நானூறாம் எண் பூனை

1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி 'குமாமொட்டோ நிச்சிநிச்சி' என்னும் ஜப்பானிய நாளிதழில் சிறிய செய்தி ஒன்று வெளிவந்தது. மினமாட்டா நகரை ஒட்டிய மோடோ என்ற மீனவர் குடியிருப்பில் பூனைகள் வலிப்புக் கண்டு ஒன்றன்பின் ஒன்றாக மடிந்துவிட்டன. நூற்றுக்கும் மேற்பட்டவை செத்ததில் ஊரில் பூனையே இல்லை என்றாகிவிட்டது. எலித்தொல்லை பொறுக்க முடியாமல் ஊரார் நகராட்சியின் உதவியை நாடியிருக்கிறார்கள். இவ்வளவுதான் செய்தி. படித்தவர்கள் புன்னகைத்திருக்கலாம். பூனை இல்லாத ஊரில் எலிக்குக் கொண்டாட்டம் என்பது எந்த மொழியிலும் சிரிப்பை வரவழைக்கக்கூடியதுதான். வலையை எலி கடித்துவிட்டால் தொழிலே போய்விடும் என்று அறிந்த மீனவன் ஒருவனைத் தவிர வேறு யாரும் அதைத் துயரச் செய்தியாக வாசித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பூனைகள் செத்த விதம் விசித்திரமானது. முதலில் நடை தள்ளாடும். பின்னங்கால்கள் ஒத்துழைக்காமல் பின்னிக்கொள்ளும். வாயிலிருந்து எச்சில் வழியும். திடீரென்று வெறி கொண்டாற்போல் ஒரே இடத்தில் சுழலும். சுவரை நோக்கி ஓடி மூக்கை மோதிக்கொள்ளும். அடுப்புத் தீயிலும் கடலிலும் போய் விழும். நீரைக் கண்டால் விலகி நடக்கும் பிராணி கடலுக்குள் விழுந்து செத்ததைக் கண்ட ஊரார் 'பூனை தற்கொலை செய்துகொள்கிறது' என்றார்கள். நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆடும் பூனை நோய்'. பறந்துகொண்டிருந்த காக்கைகளும் கீழே விழுந்தன.

தமிழ் கற்பிப்பவன் என்பதால் பெயர்களின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. 'ஆட்டம்', 'தற்கொலை' என்னும் இரண்டு சொற்களும் பூனைக்கு இல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றிவிடுகின்றன. ஆட்டத்தில் விருப்பம் இருக்கிறது. தற்கொலையில் தீர்மானம் இருக்கிறது. மோடோ பூனைகளிடம் இருந்தது இவை இரண்டும் இல்லாத வெறும் இயக்கம். தன் கால் எங்கே இருக்கிறது என்பதை உடல் மறந்துபோன நிலை அது. ஆனாலும் மீனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவர்களும் அதிகாரிகளும் பார்க்க வருவதற்கு முன்பே அவர்கள் உற்றுப் பார்த்தார்கள், பார்த்ததற்குப் பெயரும் வைத்தார்கள். அந்த நோய் குறித்த முதல் ஆவணம் அந்தப் பெயர்தான்.

மினமாட்டாவின் வரலாறு பலருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1908இல் அங்கே தொடங்கப்பட்ட தொழிற்சாலை பின்னாளில் சிஸ்ஸோ என்னும் பெயரால் அறியப்பட்டது. 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிக்கப்பட்டது. அதற்கு வினையூக்கியாகப் பயன்பட்டது பாதரச உப்பு. வினையின் போது சிறிதளவு மெத்தில் பாதரசம் உருவாகிக் கழிவுநீரோடு கடலில் கலந்தது. நுண்ணுயிர், சிப்பி, மீன் என்று படிப்படியாக ஏறி, ஏறும்தோறும் செறிந்து, மீனை உண்டவர்களின் மூளையில் அது தங்கியது. 1956 மே முதல் தேதி, தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவரான ஹொசொகாவா ஹஜிமே, காரணம் அறியப்படாத நரம்பு மண்டல நோய் ஒன்று பரவியிருப்பதாகச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார். முதலில் கொண்டுவரப்பட்டது ஐந்து வயதுச் சிறுமி. கணக்கில் வந்த மனிதர்களின் வரலாறு அந்த நாளிலிருந்து தொடங்குகிறது. பூனைகளின் வரலாறு அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது.

அடுத்த ஆண்டு, மினமாட்டா சுகாதார நிலையத்தின் தலைவராக இருந்த மருத்துவர் இட்டோ, நோயற்ற பூனைகளைக் கூண்டில் வைத்து விரிகுடாவின் மீனை உணவாகக் கொடுத்துப் பார்த்தார். அவையும் தள்ளாடின, சுழன்றன. மீனில்தான் நஞ்சு இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எந்த நஞ்சு என்பதுதான் கேள்வி. 1959 ஜூலையில் குமாமொட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்ககப் பாதரசமே காரணம் என்று அறிவித்தார்கள். தொழிற்சாலை மறுத்தது.

என்னை நெடுநாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் ஹொசொகாவா. அவர் நிறுவனத்தின் ஊழியர். அதன் மருத்துவமனையில் அதன் சம்பளத்தில் இருந்தவர். அதே சமயம் நோயாளிகளின் வீடுகளுக்கு நடந்து சென்று பார்த்தவரும் அவர்தான். மீனைக் கொடுத்துச் சோதிக்கும் பூனைகளுக்கு வரிசையாக எண்ணிட்டு வந்த அவர், 1959 ஜூலை 21ஆம் தேதி முதல் நானூறாம் எண் பூனைக்கு மீனுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கத் தொடங்கினார். அசிட்டால்டிஹைடு பிரிவிலிருந்து நேரடியாக எடுத்த கழிவுநீரை உணவில் கலந்து தினந்தோறும் வைத்தார். கடல், மீன், சிப்பி என்னும் இடைவழி எதுவும் இல்லை. குழாயிலிருந்து பூனைக்கு.

அக்டோபர் முதல் வாரத்தில் அந்தப் பூனை ஆடத் தொடங்கியது. தள்ளாட்டம், எச்சில், வலிப்பு, சுழற்சி என்று மோடோவில் ஊரார் பார்த்த அத்தனையும் தெரிந்தன. அதைக் கொன்று மூளையைக் கியூஷு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். சிறுமூளையின் நுண்மணி அணுக்கள் அழிந்திருந்தன.

ஹொசொகாவா செய்தியை மேலிடத்துக்குச் சொன்னார். சோதனையைத் தொடர நிர்வாகம் அனுமதிக்கவில்லை. முடிவு வெளியே வரவும் இல்லை. அந்த டிசம்பரில் தொழிற்சாலையில் புதிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. விழாவில் நிறுவனத் தலைவர் சுத்திகரித்த நீர் என்று ஒரு குவளையைக் கையில் வாங்கி எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டினார். பாதரசத்தை நீக்கும் வகையில் அந்த நிலையம் அமைக்கப்படவேயில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பு, டிசம்பர் 30ஆம் தேதி, நோயாளிகளின் குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இறந்தவருக்கு 3 லட்சம் யென். அது இழப்பீடு என்று அழைக்கப்படவில்லை, அனுதாபத் தொகை. வருங்காலத்தில் தொழிற்சாலைக் கழிவுதான் நோய்க்குக் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று ஒரு விதி அதில் இருந்தது. அந்த விதியை எழுதிய கரங்களுக்குப் பின்னால் நானூறாம் எண் பூனையின் மூளை ஏற்கெனவே கண்ணாடித் தகடுகளில் சீவி வைக்கப்பட்டிருந்தது. (1973 மார்ச்சில் குமாமொட்டோ மாவட்ட நீதிமன்றம், நல்லொழுக்கத்துக்கு முரணானது என்று அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது.)

அசிட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே மாதம் வரை நடந்தது. அரசு அந்தச் செப்டம்பரில்தான் காரணத்தை ஏற்றுக்கொண்டது. பூனை ஆடியதற்கும் ஆலை நின்றதற்கும் இடையில் எட்டரை ஆண்டுகள். ஹொசொகாவா 1970 ஜூலையில், புற்றுநோய் முற்றிய நிலையில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடி நீதிமன்றத்துக்கு வாக்குமூலம் அளித்தார். அக்டோபரில் காலமானார். அவரை நாயகராக எழுதுபவர்கள் உண்டு, கோழையாக எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் எளிதான வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதினொரு ஆண்டுகள் ஒரு பூனையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த மனிதர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

2001இல் இன்னொன்று நடந்தது. பாதுகாக்கப்பட்டிருந்த அதே பூனையின் திசுக்கள் கண்டெடுக்கப்பட்டு மறுபடியும் ஆராயப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் காணப்பட்டவை மினமாட்டா நோயின் அடையாளங்கள்தாம் என்பது உறுதியாயிற்று. அதற்குள் சட்டப்படி நோயாளிகள் என்று சான்றளிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 2265. மனிதர்கள் மறக்க முயன்ற ஒன்றைச் செத்த பூனையின் சிறுமூளை அத்தனை காலம் வைத்திருந்தது. நினைவு என்ற சொல்லை இப்படியும் பயன்படுத்தலாமா என்று மொழியியல் படித்த நண்பர்கள் என்னைக் கேட்கக்கூடும். ஜப்பானில் பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் வைத்துக் காக்கும் வழக்கம் உண்டு. மினமாட்டா வீடுகளிலிருந்து அந்தப் பெட்டிகளைத் திரட்டித்தான், எந்த ஆண்டுக் குழந்தை கருவிலேயே எவ்வளவு பாதரசம் வாங்கியது என்று 1970களில் கணக்கிட்டார்கள். அன்புக்காக வைத்தது சாட்சியமாயிற்று.

பாதரசத்தின் இந்த வடிவம் மூளைக்குள் நுழையும் முறையை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏதோ துப்பறியும் கதை வாசித்த உணர்வு. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களின் சுவர் கண்டதையெல்லாம் உள்ளே விடுவதில்லை. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்ந்துகொள்கிறது. சேர்ந்ததும் அது மூளைக்கு வேண்டிய மெத்தியோனைன் என்னும் மற்றொரு அமினோ அமிலத்தின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. காவல் திறந்து வழிவிடுகிறது. மாறுவேடத்தில் கோட்டைக்குள் புகுந்த பகைவன்! கருப்பையின் சுவரையும் அது இவ்வாறே கடக்கிறது. தாய்க்கு நோயின் அறிகுறி அதிகம் தெரியாமல், பிள்ளை மட்டும் முடங்கிப் பிறந்தது அதனால்தான்.

நம் மரபில் பாதரசத்துக்கு ஓர் ஒளிவட்டம் உண்டு. சித்தர் மரபின் இரசவாதமும் இரசமணியும் அதைச் சுற்றியே கட்டப்பட்டவை. என் தலைமுறையினர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உடைந்த வெப்பமானியின் துளியை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவர்கள். கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும், அங்கே பணியாற்றிய 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. அவர்கள் சுவாசித்தது பாதரச ஆவி. மினமாட்டாவில் உண்ணப்பட்டது மெத்தில் பாதரசம். இரண்டின் வழியும் வேறு, வினையும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பரபரப்புக்கு உதவலாம், நியாயத்துக்கு உதவாது.

மினமாட்டாவில் நடந்தது உச்சநிலை. கொல்லாத அளவு நஞ்சு என்ன செய்யும் என்பது பிற்காலத்து ஆய்வுகளின் கேள்வி. எனக்கு அதுவே கூடுதலாகக் கலக்கம் தருகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சவுத் ரிவர் என்றொரு ஆறு. அதன் கரையிலிருந்த செயற்கை இழைத் தொழிற்சாலையிலிருந்து 1929 முதல் 1950 வரை பாதரசம் ஆற்றில் கலந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அங்குள்ள பறவைகளின் இரத்தத்தில் அது இருந்தது. மீன் உண்ணாத பறவைகளிலும்! எப்படி என்று தேடியபோது 2008இல் கிடைத்த விடை, சிலந்தி. ஆற்றோரத்துச் சிலந்திகள் நஞ்சைக் கரைக்கு ஏற்றின. சிறு பறவைகள் சிலந்தியைத் தின்றன.

அந்தப் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்து, மாசில்லாத இடத்துப் பறவைகளின் பாட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. கரோலினா ரென், வீட்டு ரென், பாட்டுச் சிட்டு என்று மூன்று இனங்கள். மாசுபட்ட கரையில் அவற்றின் பாட்டில் சுர வகைகள் குறைந்திருந்தன, ஒலி தாழ்ந்திருந்தது, ரென்களின் பாட்டு நீளத்திலும் குறுகியிருந்தது. இவை கூடு கட்டுகின்றன, இரை தேடுகின்றன, பாடவும் செய்கின்றன. தொலைவில் நின்று பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இந்த இனங்களில் குஞ்சு தன் பாட்டை மூத்த பறவைகளிடமிருந்து கேட்டுக் கற்கிறது. குறைந்த பாட்டைக் கேட்டு வளரும் குஞ்சு எதைக் கற்கும்? பாடம் கேட்டுப் பாடம் சொல்லும் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. எங்கள் துறையில் ஒரு சுரம் விட்டுப்போனால் ஏடு இருக்கிறது, அச்சு இருக்கிறது. ரென்னுக்கு ஏடு இல்லை.

வரிக்குருவி எனப்படும் சிறு தினைக்குருவிகளைக் கூண்டில் வளர்த்து, வாழ்நாள் முழுதும் உணவில் பத்து லட்சத்தில் 1.2 பங்கு பாதரசம் சேர்த்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. மறைத்து வைத்த இரை எந்த இடத்தில் இருக்கிறது என்று கற்று நினைவில் வைப்பதில் அவை பின்தங்கின. எந்த நிறத்தின் கீழே இரை இருக்கும் என்பதை நினைவில் கொள்வதில் குறை ஏதும் இல்லை. நிறம் நினைவிருக்கிறது, இடம் மறந்துபோகிறது. அவை பிற குருவிகளுக்கு அடங்கியும் போயின. அதே சமயம் ஓரிடத்தில் அமராமல் கூடுதலாக அலைந்தன. ஒரு நஞ்சு மூளை முழுவதையும் ஒரே சீராக மங்கச் செய்வதில்லை, தேர்ந்தெடுத்து அரிக்கிறது என்பதை இதில்தான் நான் புரிந்துகொண்டேன்.

இந்த வாசிப்பு என் வகுப்பறைக்குள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு நெய்தல் பாடல்களை நடத்தும்போது அன்றில் வந்தே தீரும். பனையில் கூடு கட்டும், துணை பிரிந்தால் உயிர் வாழாது, இரவில் அதன் குரல் பிரிந்தவரை வருத்தும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அன்றில்னு ஒரு பறவை நெசமாவே இருந்துச்சா?" என்று கேட்டார். அன்றிலை அரிவாள் மூக்கன் இனத்துப் பறவையாக அடையாளம் காணும் அறிஞர்கள் உண்டு என்றேன். வயல்வெளியில் கருத்த உடலும் வளைந்த அலகுமாக நடந்து திரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதன் குடும்பம் என்றேன். "அதுவா? அது எங்க ஊர்க் குளத்துலயே மேயுதே" என்று வகுப்பில் ஒரு சலசலப்பு.

சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது புளோரிடாவின் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் நினைவுக்கு வந்தன. அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பாதரசம் சேர்ந்திருந்தது. கழிவு எரிக்கும் உலைகளின் புகையும் அதற்கு ஒரு காரணம். பீட்டர் ஃபிரெடரிக் என்னும் ஆய்வாளரும், இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நில்மினி ஜயசேனவும் 2005இல் அங்கிருந்து 160 குஞ்சுகளைப் பிடித்து நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நஞ்சே இல்லை. மற்றவற்றுக்குப் பத்து லட்சத்தில் 0.05, 0.1, 0.3 பங்கு என மெத்தில் பாதரசம். மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். நஞ்சு உண்ட குழுக்களின் ஆண் பறவைகள் பெடைகளின் முன் நிகழ்த்தும் தலை அசைப்பு, அழைப்பு முதலிய காதற்சடங்குகளைக் குறைவாகச் செய்தன. பெடைகள் அவற்றை நெருங்குவதும் குறைந்தது. ஆண்கள் ஆண்களோடு இணை சேர்ந்து கூடு கட்டின. மிகுந்த அளவு உண்ட குழுவில் பாதிக்கும் மேற்பட்ட ஆண்கள் இவ்வாறு இணைந்தன. குஞ்சு பொரிப்பு வெகுவாகக் குறைந்தது.

2010 இறுதியில் இம்முடிவுகள் வெளியானதும் உலகப் பத்திரிகைகள் சில கேலித் தலைப்புகளோடு அதை அச்சிட்டன. தன்பால் இணைவு விலங்குலகில் இயல்பாகவே காணப்படும் ஒன்று. அதைப் பாதரசத்தின் கணக்கில் எழுதுவது அறிவீனம். ஆய்வின் பொருள் வேறு. தலை அசைப்பதும் குச்சி கொண்டுவந்து கொடுப்பதும் அந்தப் பறவைக்கு ஒரு மொழி. அந்த மொழி பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கே குழறிப்போகிறது. பேசுகிறவன் குழறினால் கேட்பவள் விலகிப் போகிறாள். மோடோவின் பூனை ஊரறியச் சுழன்று விழுந்தது. இங்கே எதுவும் விழவில்லை. பறவைகள் நலமாகவே நிற்கின்றன. கூட்டில் முட்டை மட்டும் இல்லை.

திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும்போது கருப்பொருள் என்று ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதுகிறோம்: புள், விலங்கு, மரம், நீர். பழைய புலவன் தலைவியின் மனத்தைச் சொல்வதற்குப் பறவையின் நடத்தையை நம்பினான். குருகு இப்படி நிற்கும், அன்றில் இப்படி அகவும், கலைமான் தன் பிணைக்கு இப்படி நிழல் செய்யும் என்னும் உறுதி அவனுக்கு இருந்தது. நடத்தையே மாறிவிட்டால் உள்ளுறை எதன் மேல் நிற்கும் என்று அன்று மாலை யோசித்தேன். அடுத்த வகுப்பில் புளோரிடாவைப் பற்றிச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாதது என்பதால் சிலர் குறிப்பெடுக்கவில்லை. அது வழக்கந்தான்.

அன்று குறிப்பெடுக்காத ஒருவர், நொய்யல் கரையிலிருந்து வரும் மாணவர், வகுப்பு முடிந்ததும் நின்றுகொண்டிருந்தார். "எங்கூர்ல மாடு ஆத்துக்குள்ள எறங்குமுங்கய்யா. மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குமுங்க. மறுநாளும் அதே எடத்துக்குத்தான் போகுமுங்க" என்றார். அப்பாவிடம் சிறு வயதில் கேட்டாராம், தண்ணீர் குடிக்காது என்றால் எதற்கு தினமும் போகிறது என்று. "அதுக்கு வழி மறக்கலடா" என்றாராம் அப்பா. சாயக்கழிவு நொய்யலில் ஓடியதும், 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமானதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் எல்லோரும் அறிந்தவை. மாடு துறைக்குப் போய்த் திரும்பியது எந்த வழக்கிலும் ஆவணமாகியிருக்காது.

அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கனடாவின் மீன்கள் நினைவுக்கு வந்தன. அவற்றின் கதை ஆவணமாகியிருக்கிறது. சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். கடைசிப் பயணத்தில் அதற்கு வழிகாட்டுவது மணம். குஞ்சாக இருந்தபோது பதிந்த ஊர்த்தண்ணீரின் மணம். நியூ பிரன்சுவிக் மாநிலத்தின் வடமேற்கு மிராமிச்சி ஆற்றில் 1960 முதல் சுரங்கம் ஒன்றிலிருந்து செம்பும் துத்தநாகமும் கலந்தன. ஆற்றின் குறுக்கே மீன்களை எண்ணுவதற்கு ஒரு தடுப்பு முன்பே இருந்தது. ஆற்றில் மேலேறியபின் முட்டையிடாமல் பாதியில் கீழே திரும்பும் மீன்கள் அதற்கு முன் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான். மாசு கலந்த நான்கு ஆண்டுகளில் அது 10 முதல் 22 ஆயிற்று. திரும்பியவற்றில் பல மறுபடி அந்த ஆற்றில் காணப்படவே இல்லை.

அந்த மீன்கள் மறந்தவையல்ல. கடலிலிருந்து அத்தனை தொலைவு வந்து, தன் ஆற்றை அடையாளம் கண்டு, உள்ளே நுழைந்து, அதன்பின் திரும்பியவை. பிற்கால ஆய்வுகள் இன்னொரு நிலையையும் காட்டியிருக்கின்றன. நீரில் நூறு கோடியில் சில பங்கு செம்பு இருந்தாலே போதும், இளம் கோஹோ சால்மனின் மோப்ப நரம்புகள் மந்தமாகிவிடுகின்றன. தன் இனத்து மீன் ஒன்று காயம்பட்டால் நீரில் பரவும் அபாய மணத்தை உணர்ந்ததும் அசையாமல் நின்றுவிடுவது அதன் இயல்பு. மோப்பம் மந்தமானது, பகை அருகில் இருக்கும்போதும் நீந்திக்கொண்டே இருக்கும். மணம் தெரிந்து விலகுவது ஒன்று. மணமே தெரியாமல் போவது மற்றொன்று. நொய்யல் மாட்டுக்கு நேர்ந்தது முதலாவது.

மினமாட்டாவைத் தமிழில் எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றியது இஷிமுரே மிச்சிகோவால். 1969இல் வெளிவந்த அவருடைய 'குகாய் ஜோடோ'வை ஆங்கிலத்தில்தான் வாசிக்க முடிந்தது. நோயாளிகள் தம் வட்டார மொழியில் பேசும் பகுதிகளை எல்லோரும் முதலில் நேரில் கேட்டுப் பதிந்தவை என்றே நினைத்தார்கள். அவருடைய நண்பரும் விமர்சகருமான வாத்தனாபே கியோஜி, அவை பதிவுகள் அல்ல, இஷிமுரே அவர்களுக்குள் புகுந்து எழுதியவை என்று பின்னர் தெளிவுபடுத்தினார். அபுனைவுக்கான ஓயா சோய்ச்சி பரிசின் முதல் ஆண்டு, 1970இல், அது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது வேண்டாமென்று மறுத்துவிட்டார். 2018இல் மறைந்தார். பேசமுடியாத ஒருவருக்காகப் பேசுவது எவ்வளவு தூரம் தகும் என்று நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி விவாதிக்கிறோம். நாக்குக் குழறிய நோயாளியின் உள்ளே புகுந்து எழுதியவர் இஷிமுரே. பூனைக்குள் புக அவரும் முயலவில்லை. வெளியே நின்று அது சுழல்வதை மட்டும் எழுதினார். அதில் ஒரு நாகரிகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஹொசொகாவாவின் குறிப்பேட்டிலும் இதே நாகரிகம்தான்: தேதி, எண், கொடுத்த அளவு, கண்ட அறிகுறி. பூனை வேதனைப்பட்டது என்று எழுதவேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது.

விரிகுடாவின் வாயில் 1974இல் ஒரு வலை கட்டினார்கள். உள்ளே இருக்கும் மீன் வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக. அந்த வலை 1997 வரை இருந்தது. நஞ்சேறிய சேற்றை வாரிக் கரையில் கொட்டி மூடிய இடம் 58 ஹெக்டேர்; அங்கே இப்போது பூங்கா. நோயாளிகளும் மற்றவர்களும் தம் கையால் செதுக்கிய சிறு கற்சிலைகள் அதன் ஓரத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன.

நோயாளிகளுக்குத் துணைநின்றவர்கள் நிறுவிய சோஷிஷா என்னும் அமைப்பின் சிறிய அருங்காட்சியகம் ஒன்று ஊருக்குள் இருக்கிறது. பூனைச் சோதனை நடந்த மரக்கூண்டை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதன் படத்தை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வீடுகளின் கொல்லையில் கோழி அடைப்பதற்கு வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அதைப் போலத்தான் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.